வயலைப் பழிக்குமுன் வாய்க்காலைப் பாருங்கள்

ஒரு பொருள் பழுதுபட்டால் இல்லங்களில் முதலில் எழும் கேள்வி, "என்ன ஆயிற்று?" என்பதன்று, "யார் செய்தது?" என்பதே. குடம் உடைந்தாலும், கடிகாரம் நின்றாலும், மிதிவண்டியின் சங்கிலி அறுந்தாலும் இதுவே வழக்கம். பழுது எங்கே இருக்கிறதெனத் தேடுமுன் பழியைச் சுமக்க ஒரு தோளைத் தேடிவிடுவது மனித இயல்பு. அந்தத் தோள் பெரும்பாலும் அவ்வீட்டிலேயே மிகச் சிறிய தோளாக அமைந்துவிடுவதும் உண்டு. எங்கள் இல்லத்தில் ஒரு மடிக்கணினியின் திரை இருண்டபோது நடந்தவற்றை, அதே போன்ற கருவி உள்ள மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்னும் எண்ணத்தில், கணவன் மனைவி இருவருமாகச் சேர்ந்து இங்கே எழுதுகிறோம்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையே ஆண்டு முழுமைக்கும் எங்கள் முதலீடு. குண்டாற்றில் கரை தொட்டு நீர் ஓடிய நாள்களைப் பெரியவர்கள் கதையாகச் சொல்வார்கள். கரிசல் நிலத்தில் பருத்தியும் கம்பும் உளுந்தும் கொத்தமல்லியும் விதைப்போம். மழை பொய்த்த ஆண்டில் சிலர் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவர். சிலர் அருப்புக்கோட்டைத் தறிகளுக்குச் செல்வர். இத்தகைய மண்ணில் ஒரு பொருளை எளிதில் எறிந்துவிட மாட்டார்கள். மண்வெட்டியின் காம்பு ஒடிந்தால் காம்பை மாற்றுவார்களேயன்றி மண்வெட்டியை மாற்றுவதில்லை.

இவ்வீடுகளுக்குள் மடிக்கணினி வந்த வரலாறு நெடியதன்று. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபின், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த பிள்ளைகள் வழியாக இக்கருவி ஓட்டு வீடுகளுக்குள்ளும் குடிபுகுந்தது. 2020-இல் கொள்ளைநோய் காரணமாகப் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டபோது, அது இல்லாமல் படிப்பில்லை என்னும் நிலையே வந்துவிட்டது. எங்கள் வீட்டிலிருப்பது அத்திட்டத்தில் வந்ததன்று. மூத்த மகள் கல்லூரியில் சேர்ந்த 2021-ஆம் ஆண்டில், பருத்தி விற்ற பணத்தில் ஒரு பகுதியையும் அப்பத்தா கட்டிவந்த சீட்டுப் பணத்தையும் சேர்த்து வாங்கியது. அவள் பாடங்களை மட்டுமன்று, அண்டை அயலாரின் விண்ணப்பங்களையும் அதில்தான் நிரப்பிக் கொடுப்பாள்.

இருண்ட காலை

2024-ஆம் ஆண்டு மாசி மாதம். மகள் இறுதியாண்டுத் திட்டக் கட்டுரையைக் கல்லூரியில் ஒப்படைக்கப் பதினெட்டு நாள்களே எஞ்சியிருந்தன. காலையில் மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது, உள்ளிருக்கும் விசிறி சுழன்றது, திரையோ கரியைப் பூசினாற்போல் கிடந்தது. மூன்றாண்டு உழைப்பும் அந்த இருட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டதாக அவளுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

முந்தைய இரவு அதில் படம் பார்த்தவன் ஏழாம் வகுப்புப் படிக்கும் இளையவன். "தம்பிதான் மூடியைப் பட்டென்று அடித்துச் சாத்தியிருக்கிறான்" என்றாள் அக்கா. "நான் மெதுவாகத்தான் மூடினேன் அக்கா" என்று அவன் ஒருமுறை சொன்னான். பிறகு பேசவில்லை, காலை உணவும் உண்ணவில்லை. தகவல் அறிந்து வந்த பெரியப்பா, "பழையதைத் தலைமுழுகுங்கள், தவணையில் புதிது எடுத்துவிடலாம்" என்றார். அருப்புக்கோட்டையில் ஒரு கடைக்குத் தொலைபேசியில் பேசியபோது, "திரை போயிருக்கும், மாற்ற 4,500 ரூபாய் ஆகும்" என்று பார்க்காமலே விலை சொன்னார்கள். ஒரே காலைப் பொழுதில் ஒரு குற்றவாளியும், ஒரு கடனும், ஒரு மரணச் சான்றிதழும் தயாராகிவிட்டன. பழுது எங்கே என்பது மட்டும் எவருக்கும் தெரியாது.

அப்போது அப்பத்தா சொன்ன சொல் எங்களுக்கு வழிகாட்டிற்று. "முதல்ல அந்தப் பெட்டியைக் கேளுங்க, அப்புறம் பிள்ளையைக் கேட்கலாம். ஏய்யா, நீ வந்து சாப்பிடு."

கண்மாய் முதல் வயல் வரை

பெட்டியைக் கேட்பது எவ்வாறு? இதற்குக் கணினிப் படிப்பு வேண்டியதில்லை. கண்மாய்ப் பாசனம் அறிந்தவருக்கு அந்த அறிவு ஏற்கனவே உண்டு. வயல் காய்ந்தால் உழவன் உடனே வயலைக் குறை சொல்வதில்லை. கண்மாயில் நீர் இருக்கிறதா, மடை திறந்திருக்கிறதா, வாய்க்காலில் எங்கேனும் உடைப்போ அடைப்போ உண்டா என்று தலையிலிருந்து நடந்து வருவான். தறியில் இழை அறுந்தால் நெசவாளி முழுப் பாவையும் கழற்றி எறிவதில்லை. அறுந்த முனையைத் தேடி முடிச்சிடுவார்.

மடிக்கணினியிலும் இப்படியொரு பாசனமே நடைபெறுகிறது. சார்ஜரும் பேட்டரியும் தருகிற மின்சாரம் கண்மாய் நீர். தாய்ப்பலகையில் உள்ள வரைகலைச் சில்லு படத்தை உருவாக்கி அனுப்பும் மடை. அங்கிருந்து மூடியின் கீல் வழியாக வளைந்து மேலே செல்லும் மெல்லிய கேபிள் வாய்க்கால். திரையே கடைமடை வயல். திரை இருண்டால் இந்நான்கில் எதுவும் காரணமாகலாம். வயல் ஒன்றையே மாற்ற 4,500 ரூபாய் கொடுத்தபின் வாய்க்காலில் உடைப்பு இருப்பது தெரிந்தால், பணமும் போய் இருட்டும் நிலைத்திருக்கும் அன்றோ?

எனவே ஒரு தாளை எடுத்து, நாங்கள் செய்ததையும் கண்டதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவரத் தீர்மானித்தோம். எழுதும் பொறுப்பு அக்காளுக்கு; கைவிளக்குப் பிடிக்கும் பொறுப்பு தம்பிக்கு.

ஏழு கேள்விகள்

முதற் கேள்வி: உயிர் இருக்கிறதா? விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது, பெரிய எழுத்து விசையை அழுத்தினால் அதன் சிறு விளக்கு அணைந்து எரிகிறது. ஆகவே உள்ளே வேலை நடக்கிறது. இவையெதுவும் இல்லையெனில் திரையைப் பற்றிப் பேசுவதே வீண். சார்ஜரையும் மின்செருகியையுமே முதலில் பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் பீப் ஒலி தொடர்ந்து கேட்குமாயின், நினைவகப் பலகை தன் இடத்தில் சரியாக அமரவில்லை என்பது பெரும்பாலும் பொருள்.

இரண்டாம் கேள்வி: திரை தானே அணைந்ததா, அணைக்கப்பட்டதா? வெளிச்சத்தைக் குறைக்கும் விசை தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கலாம். மற்றொன்று பலருக்குத் தெரியாது. மூடி சாத்தப்பட்டதை அறிவதற்குப் பல மடிக்கணினிகளில் காந்தத்தை உணரும் சிறு கருவி உள்ளது. காந்தப் பூட்டு வைத்த கைப்பேசி உறையை விசைப்பலகையின் ஓரத்தில் வைத்தால், மூடி சாத்தப்பட்டதாகக் கருதி அது திரையை அணைத்துவிடும். அருகில் இருந்தவற்றையெல்லாம் அகற்றினோம்; பயனில்லை.

மூன்றாம் கேள்வி: தேங்கிய மின்னேற்றம் தடுக்கிறதா? கருவியை நிறுத்திச் சார்ஜரை எடுத்துவிட்டு, பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்துப் பின்னர்த் தொடங்கினோம். பேட்டரியை வெளியே எடுக்கக்கூடிய வகையாயின் அதையும் எடுத்துவிட்டுச் செய்ய வேண்டும். சில கருவிகள் இத்துடனேயே விழித்துக்கொள்ளும். எங்களுடையது விழிக்கவில்லை.

நான்காம் கேள்வி: படம் இருந்தும் வெளிச்சம் மட்டும் இல்லையா? அறையை இருட்டாக்கிவிட்டு, இளையவன் கைவிளக்கைத் திரையின்மேல் சாய்வாகப் பிடித்தான். பின்னொளி மட்டும் கெட்டிருந்தால் படம் நிழலைப்போல் மங்கலாகத் தெரியும். எதுவும் தெரியவில்லை. படமே வந்து சேரவில்லை என்று எழுதிக்கொண்டோம்.

ஐந்தாம் கேள்வி: மடை சரியாக இருக்கிறதா? எச்.டி.எம்.ஐ. கேபிளால் மடிக்கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்தோம். விண்டோஸ் குறியுள்ள விசையோடு 'பி' எழுத்து விசையைச் சேர்த்து அழுத்தினால் படத்தை எங்கே காட்டுவது என்னும் தெரிவுகள் வரும். சில நொடிகளில் மகளின் கட்டுரை தொலைக்காட்சியில் பளிச்சென்று எழுந்தது! ஒரு கோடும் இல்லை, நடுக்கமும் இல்லை. வரைகலைச் சில்லு நலமாக உள்ளது என்பது இதனால் உறுதியாயிற்று. தொலைக்காட்சியிலும் அதே கோடுகளும் கறைகளும் வந்திருந்தால், நோய் தாய்ப்பலகையில் என்று பொருள். அதுவே செலவு மிகுந்த நோய்.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றை மறக்கலாகாது. வேறு திரையில் படம் கிடைத்த அக்கணமே, மற்ற ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, வேண்டிய கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவிட வேண்டும். நாங்களும் அவ்வாறே செய்தோம். கட்டுரை கைக்கு வந்ததும் மகளின் குரலில் இருந்த கடுமை பாதியாகக் குறைந்தது. அச்சம் நீங்கினால் சினமும் தானே நீங்கும் என்பதை அன்று கண்டோம்.

ஆறாம் கேள்வி: வாய்க்கால் எங்கே உடைந்தது? இதற்கு விடை கண்டவன் இளையவன். விளக்கைப் பிடித்தபடியே மூடியை மெல்ல மெல்லச் சாய்த்துப் பார்த்தவன், "அப்பா, பாதி மூடும்போது படம் வருகிறது!" என்றான். உண்மைதான். மூடி பாதி சாய்ந்த நிலையில் வண்ணக் கோடுகள் நடுங்கப் படம் தோன்றியது. முழுதும் திறந்தால் மறைந்தது. மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் அதே கோணம். திரையே கெட்டிருந்தால் மூடியின் கோணத்துக்கு அது பெரும்பாலும் கட்டுப்படாது. விழுந்து விரிசல் கண்ட திரையில் மை கொட்டியதுபோல் கறை படரும். திரையின் இணைப்பு விட்டுப்போனால் ஒரே இடத்தில் அசையாத நெடுங்கோடு நிற்கும். கோணத்துக்குக் கோணம் மாறும் நோய் பெரும்பாலும் கீலுக்குள் செல்லும் கேபிளின் நோயே.

ஏழாம் கேள்வி: மென்பொருளின் குற்றமாக இருக்குமோ? படம் தெரிகின்ற கோணத்தில் வைத்துக்கொண்டே, கருவியை மீண்டும் தொடக்கி, விண்டோஸ் எழுமுன் தோன்றும் அமைப்புப் பக்கத்துக்குச் சென்றோம். எஃப்2, டெலீட் என இதற்குரிய விசை கருவிக்குக் கருவி மாறும். அங்கும் அதே கோடுகள். ஆகவே மென்பொருள் குற்றமற்றது. அப்பக்கத்தில் திரை தெளிவாக இருந்து, விண்டோஸ் வந்தபின் மட்டும் கோடுகள் வருமாயின் அது மென்பொருளின் பிழை. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்றோடு 'பி' ஒலியில் தொடங்கும் ஆங்கில இரண்டாம் எழுத்தின் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரைகலை மென்பொருள் புதிதாகத் தொடங்கும். அப்படிப்பட்ட பிழை சில வேளை அதிலேயே தீரும்.

தாளோடு சென்றோம்

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவே. மூடியைப் பிரிப்பது பழகிய கைகளின் வேலை. பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்காமல் திரைக் கேபிளைத் தொட்டால் பலகையில் உள்ள நுண்ணிய உருகி எரிந்துபோகும். சிறு பழுது பெரும் பழுதாகும். பேட்டரி உப்பியிருந்தாலோ, அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பற்றும் அபாயமுண்டு.

அருப்புக்கோட்டையில் வேறொரு பழுதுநீக்குபவரிடம் இளையவனையும் அழைத்துக்கொண்டு சென்றோம். எழுதிய தாளை அவர் இருமுறை வாசித்தார். "பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்" என்றவர், முதலில் பேட்டரியைத் துண்டித்துவிட்டுத் திரையின் சட்டத்தை நீக்கினார். கீலை ஒட்டி வளையும் இடத்தில் கேபிளின் மேலுறை தேய்ந்து, தலைமுடியினும் மெல்லிய கம்பிகள் சில இற்றுப்போயிருந்தன. கீலோ தூசி ஏறி இறுகிக் கிடந்தது. "இது ஒரு நாளில் ஆனதன்று, வாங்கிய நாளிலிருந்து தேய்ந்து வந்திருக்கிறது" என்றார். நாளொன்றுக்குப் பத்து முறை திறந்து மூடினாலும் மூன்றாண்டுகளில் அது பத்தாயிரம் முறையைக் கடந்துவிடும். அந்தப் பத்தாயிரத்தில் ஒரேயொரு முறைக்காக ஒரு சிறுவன் குற்றவாளிக் கூண்டில் ஏறவிருந்தான்!

விசிறியையும் திறந்து காட்டினார். பஞ்சு நூலிழைகள் மெத்தைபோல் படிந்திருந்தன. தறிகள் ஓடும் ஊர்களில் காற்றோடு வரும் பஞ்சுத் துகள் விசிறியின் வாயை அடைத்துவிடுவது சாதாரணமாம். அதனால் கருவி சூடேறி, கோடைநாளில் திரை உறைவதும் தானே அணைவதும் நேருமாம். புதிய கேபிள் மறுநாள் மதுரையிலிருந்து வந்தது. கூலியும் சேர்த்து 1,100 ரூபாய். திரை முன்போலவே ஒளிர்ந்தது. தவணைக் கடனுக்கு வேலையில்லாமல் போயிற்று.

தம்பியிடம் அக்கா எதுவும் சொல்லவில்லை. அன்று மாலை கல்லூரியிலிருந்து திரும்புகையில் அவனுக்கென்று காராச்சேவுப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்தாள். அவன் அதைப் பிரித்து முதற் பிடியை அவளிடமே நீட்டினான். வழக்கு அத்தோடு தள்ளுபடியாயிற்று.

ஓர் ஏட்டுக்குள் இத்தனை உழைப்பா!

அந்தத் திரை என்னும் மெல்லிய ஏட்டைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வதும் நன்று. 1366-க்கு 768 என்னும் அளவுள்ள சாதாரணத் திரையில் 10,49,088 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறு கண்கள். ஆகமொத்தம் 31,47,264 கண்கள். அத்தனைக்கும் உரிய கட்டளைகள், விநாடிக்கு அறுபது முறை, ஒரு விரல் அகலமுள்ள கேபிள் வழியே செல்கின்றன. அதில் ஓரிரு கம்பிகள் இற்றாலும் படம் சிதைவதில் என்ன வியப்பு?

அக்கண்களைத் திறந்து மூடுபவை திரவப் படிகங்கள் எனப்படும் பொருள்கள். திரவம்போல் ஓடுவதும் படிகம்போல் ஒழுங்குற்று நிற்பதும் இவற்றின் இயல்பு. 1888-இல் பிராகு நகரில் பணியாற்றிய ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்னும் தாவரவியலார், காரட்டிலிருந்து பெற்ற கொழுப்புப் பொருளின் கூட்டு ஒன்றைச் சூடேற்றினார். அது 145.5 பாகையில் உருகிக் கலங்கலாகவும், 178.5 பாகையில் தெளிவாகவும் மாறியது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று அவர் வியந்து நின்ற இடத்தில் இந்த அறிவியல் பிறந்தது. இதில் நம் நாட்டுக்கும் பெருமையுண்டு. சர் சி. வி. இராமனின் உறவினரான எஸ். சந்திரசேகரும் அவருடைய குழுவினரும் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் தட்டு வடிவ மூலக்கூறுகளாலான புதுவகைத் திரவப் படிகங்களை 1977-இல் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தனர். திரைக்குப் பின்னிருந்து ஒளிதரும் வெண்விளக்குக்கு அடிப்படையான நீல ஒளியுமிழ் இருமுனையம், அதை உருவாக்கிய மூவருக்கு 2014-இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. வியப்போடு கேட்கப்பட்ட கேள்விகள் எத்தனையோ அந்த ஏட்டுக்குள் அடங்கியிருக்கின்றன.

எங்கள் மண்ணுக்குச் சில காப்புகள்

வறண்ட நாட்டில் வாழ்பவர்கள் மனத்திற்கொள்ள வேண்டியவை சில உண்டு. மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்காமல் மேல்விளிம்பின் நடுவில் பிடித்துத் திறக்க வேண்டும். இரு கீல்களும் அப்போது சமமாக வளையும். மூடுமுன் விசைப்பலகையின்மேல் பேனாவோ ஊசியோ கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெத்தையின்மேல் வைத்து இயக்கினால் காற்றுவழி அடைபடும். திரையில் நீரைத் தெளிக்காமல், மெல்லிய பருத்தித் துணியை இலேசாக ஈரமாக்கித் துடைத்தாலே போதும். ஐப்பசி இடிமழையின்போது சார்ஜரை மின்செருகியிலிருந்து எடுத்துவிடுவது நலம்.

மற்றொன்று நிலத்தடியில் உள்ளது. பங்குனி, சித்திரையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும்போது, எர்த் குழியைச் சுற்றியுள்ள மண்ணும் காய்ந்து மின்சாரத்தை வாங்க மறுக்கும். சார்ஜர் இணைத்திருக்கையில் கருவியின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுரீரென்பதும், சார்ஜரை இணைத்தால் திரை நடுங்கி, எடுத்தால் அடங்குவதும் சில வேளை இதன் அறிகுறியே. எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் வாரந்தோறும் சில குடம் நீர் ஊற்றிவர வேண்டும். மின்பணியாளரைக் கொண்டு சோதிப்பது இன்னும் நன்று. கரிக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. தண்ணீருக்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பாத்திரம் கழுவிய நீரே அதற்குப் போதும்.

இவ்வளவும் ஒரு கருவியைப் பற்றியதுதான். ஆயினும் கருவிக்கு வாய்த்த நீதி வீட்டிலுள்ள மனிதருக்கும் வாய்க்க வேண்டுமல்லவா? பிள்ளையின் மதிப்பெண் குறைந்தால், கணவர் முகம் வாடியிருந்தால், மருமகள் பேச்சைக் குறைத்துக்கொண்டால், உடனே ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறது ஊர். வயல் காய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. உடைந்த வாய்க்கால் தெரிவதில்லை. அதைத் தேடி நடக்கப் பொறுமை வேண்டும். ஒவ்வொன்றாகக் கேட்கும் ஒழுங்கு வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் கையிலேயே விளக்கைக் கொடுக்கும் நம்பிக்கையும் வேண்டும். கடன் வாங்குமுன் ஒரு தாளும் பேனாவும் எடுப்போம். பழி சொல்லுமுன் ஏழு கேள்விகள் கேட்போம். அவற்றுள் பாதிக்கு விடை கிடைப்பதற்குள்ளாகவே, சொல்ல நினைத்த பழி நம் நாவிலேயே கரைந்துவிடும்.